பண்டகசாலையிற் பிறந்த வீட்டிசை

பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் புதுச் சொற்களைப் பிடித்து வைத்துப் பொருள் ஆராய்வது எம்போன்ற ஆசிரியத் தொழிலினர்க்கு உள்ள பழக்கம். பழக்கம் என்பதினும் வியாதி என்றாலே பொருந்தும். சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மகன், தான் கேட்டுக்கொண்டிருந்தது 'ஹவுஸ்' இசை என்று சொன்னான். "நல்ல பெயர், தமிழில் வீட்டிசை எனலாம். வீட்டில் இருந்து ஆறுதலாகக் கேட்பதற்கு உரியது போலும்!" என்றோம். அவன் சிரித்துவிட்டு, "இல்லையப்பா, அது வீடில்லை, அது ஒரு ஸ்டோர்" என்றான்.

விசாரித்தபோது அவன் கூற்றே சரியெனக் கண்டோம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தெற்கு ஜெபர்சன் வீதியில், பழைய கைத்தொழிற் கட்டடம் ஒன்றிலே, 1977ஆம் ஆண்டு இரவு நடன மண்டபம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு 'வெயார்ஹவுஸ்', அதாவது பண்டகசாலை, என்றே பெயர் வழங்கிற்று. நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்னும் இளைஞர் அங்கே இசைத்தட்டுக்களை ஒன்றோடொன்று இழைத்து, இடைவெளி தோன்றாமல் இரவு முழுவதும் ஒலிக்கச் செய்வார். அங்கு கூடியோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும், இலத்தீன் அமெரிக்க வழியினரும், ஊராரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுமே. அந்த மண்டபத்தில் ஒலிப்பது போன்ற தட்டு வேண்டும் என்று இளைஞர்கள் கடைகளிற் கேட்கத் தொடங்க, 'வெயார்ஹவுஸ்' என்ற நீண்ட பெயர் 'ஹவுஸ்' எனக் குறுகிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் வரலாறு. 2004ஆம் ஆண்டில் அந்நகரத்தார் அவ்வீதியின் ஒரு பகுதிக்கு நக்கிள்ஸின் பெயரைச் சூட்டிக் கௌரவித்தனர். அவர் 2014இல் மறைந்தார்.

இவ்விசையின் உடல் எளியது. யப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் 1980இலும் 1983இலும் வெளியிட்ட தாளப் பொறிகள் விற்பனையிற் பெரும் வெற்றி பெறவில்லை. அவை கைமாறிய பொருள்களாக மலிந்த விலைக்குக் கிடைத்தபோது, வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினர். நான்கு எண்ணிக்கைக்கு நான்கு அடி. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் 'தும்' என ஒரு பேரடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடிகள். இதன்மேற் சில சுரங்கள், ஒரு குரல், சில வேளை குரலும் இல்லை. ஜெசி சோண்டர்ஸ் என்பவர் 1984இல் வெளியிட்ட தட்டையே இவ்வகையின் முதலாவது தட்டு எனப் பலர் கொள்வர்.

இதுவரை படித்த அன்பர்கள், 'புல்மோட்டையில் இருக்கும் ஓர் ஆசிரியருக்குச் சிக்காகோவின் பண்டகசாலையோடு என்ன சம்பந்தம்?' என்று வினவக்கூடும். சம்பந்தம் அந்தத் 'தும்' என்னும் அடியினால் வந்தது.

ஒலியிலே தாழ்ந்தது, உயர்ந்தது என இரண்டுண்டு. பௌதிகம் படிக்கும் மாணவர் அறிவர்: வினாடிக்கு 50 அதிர்வுகளையுடைய ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர். குயிலின் ஓசையையும் மனிதர் பேச்சையும் ஓரளவு மறிக்கும் சுவர், இத்தகைய நீண்ட அலையை மறிப்பதில்லை. ஆகையால், பக்கத்து அறையிற் பாட்டு ஒலிக்கும்போது நமக்குப் பாட்டுக் கேட்பதில்லை. அடி மட்டுமே கேட்கின்றது. இராகம் அறைக்குள்ளே தங்கிவிட, அதிர்வு மாத்திரம் வீடெங்கும் நடந்து திரிகின்றது.

அன்று வாடைக்காற்றோடு மழை. மின்சாரம் போய்ப்போய் வந்தது. மகன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிறிய ஒலிபெருக்கி ஒன்றிலே இந்த இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். நாம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தின் பின் வெளியே பார்த்தபோது, எமது அன்னையார் விறாந்தையிலே, செருப்பும் அணிந்து, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அந்தப் பையினுள் அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, மருந்து, ஒரு சேலை ஆகியவை எப்பொழுதும் இருக்கும். "என்னம்மா?" என்றோம். "சத்தம் கேக்குதடா. எங்கால்பக்கம் எண்டுதான் தெரியேல்லை" என்றார்.

அன்னையார் பிறந்த ஊர் தென்னைமரவடி. புல்மோட்டைக்கு அண்மையிலுள்ள பழைய தமிழ்க் கிராமம். 1984ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர் மக்கள் உயிருக்கஞ்சி, உடுத்த துணியோடு காட்டுவழியே புறப்பட்டுப் போயினர். நாம் அப்போது நான்கு வயதுக் குழந்தை; அன்னையாரின் இடுப்பில் இருந்தோம் என்று சொல்லக் கேட்டதே அன்றி நினைவில்லை. போர் முடிந்த பின்னரே மக்கள் மெல்லமெல்ல அங்கு திரும்பத் தொடங்கினர். இடையிலே கால் நூற்றாண்டு. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து காயமுற்றோர் கப்பல் மூலம் புல்மோட்டைக்கே கொண்டுவரப்பட்டனர். இந்திய மருத்துவக் குழுவினர் இங்கு அமைத்திருந்த தற்காலிக மருத்துவமனையில் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அத்தகைய கரை இது. இங்கே முதியோர் பலருக்குத் தாழ்ந்த ஒலி என்பது இசையின் ஓர் உறுப்பன்று. அஃது ஒரு செய்தி. எழுந்து பையை எடு என்னும் செய்தி.

எமக்கு உடனே எழுந்தது கோபம். கதவைத் தட்டி, "இந்த வீட்டில் இனி இந்தச் சத்தம் கூடாது" என்று கூறிவிட்டோம். மகன் ஒன்றும் பேசாது நிறுத்தினான். மறுநாள் முதல் காதுக்குள் வைக்கும் கருவியோடு நடமாடலானான். வீடு அமைதியாயிற்று. ஆனால், அந்த அமைதி எமக்கு நிறைவைத் தரவில்லை. ஒரே கூரையின்கீழ் நால்வர். அன்னையாருக்குத் தொலைக்காட்சித் தொடர், மனைவியாருக்குக் கைத்தொலைபேசி, எமக்கு விடைத்தாள், மகனுக்குக் காதுக்கருவி. விளக்கேற்றிய பின் ஒருவரோடொருவர் பேசாத வீட்டை அமைதியான வீடு என்று சொல்லலாமா?

மேலும், ஓர் இசையை வெறுத்து விலக்குவதால் அஃது அழிவதுமில்லை. 1979ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி, அதே சிக்காகோ நகரின் விளையாட்டரங்கு ஒன்றில், 'டிஸ்கோ' இசைத்தட்டுக்களைக் கூடைகூடையாகச் சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தனர். பார்த்தவர் ஆரவாரித்தனர். அந்த இசையின் சாம்பலிலிருந்தே, அதே நகரில், ஐந்தாண்டுகளில் மேற்கூறிய ஹவுஸ் இசைத்தட்டுக்கள் பிறந்தன. ஆகவே தடை என்பது கெட்டிக்காரனின் வழியன்று என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டு, மகனிடம் போய், "அந்த இசையிலே இடி இல்லாத வகை ஏதும் உண்டா?" என்று கேட்டோம். அவன் முகம் மலர்ந்ததை இங்கு எழுதத்தான் வேண்டும்.

உண்டென்றான். லாரி ஹேர்ட் என்னும் சிக்காகோ வாசி 1986இல் வெளியிட்ட படைப்புக்களோடு, ஆழ்ந்ததும் மெல்லியதுமான ஒரு கிளை தோன்றிற்று. பின்னர் அது கடல்தாண்டி ஸ்பானிய நாட்டு இபிசாத் தீவை அடைந்தது. அத்தீவின் மேற்குக் கரையில், சான் அன்ரோனி என்னும் ஊரிலே, 'கபே டெல் மார்' என்றொரு கடை 1980இல் திறக்கப்பட்டது. 'கடலோரக் காப்பிக்கடை' என்று பொருள். நம்மவர் 'கடற்கரைத் தேத்தண்ணிக் கடை' என்பர். அங்கே மாலையில் ஞாயிறு கடலிலே விழுவதைக் காண மக்கள் கூடுவர். ஹொசே பாடில்லா என்பவர் அப்பொழுதுக்கு ஏற்ற இசையைத் தேர்ந்து ஒலிக்கச் செய்வார். தாம் இணைத்தவற்றை ஒலிநாடாவிற் பதிந்து விற்றும் வந்தார். 1994இல் அக்கடையின் பெயரிலே முதலாவது தொகுப்பு வெளியாயிற்று. அதன்பின், மாலையில் வீட்டிலிருந்து ஆறுதலாகக் கேட்பதற்கென்றே இத்தகைய தொகுப்புக்கள் நாடுகள்தோறும் பெருகின. பாடில்லா 2020இல் காலமானார். பண்டகசாலையில் பிறந்த இசை, இவ்வாறு கடற்கரைக் கடை வழியாக, மெய்யாகவே வீட்டிசை ஆயிற்று. எமது மொழிபெயர்ப்பு முற்றிலும் பிழையன்று என்று மகனிடம் பெருமையடித்துக் கொண்டோம்.

தொகுத்தல் நமக்குப் புதியதும் அன்று. எம் வயதினர் நினைவிற்கொள்வர்: ஊருக்கு ஊர் 'றெக்கோடிங் பார்' என்று பலகை தொங்கிய காலம். கொப்பித் தாளிலே பாட்டுக்களின் பட்டியலை எழுதி, வெற்று ஒலிநாடாவோடு கொடுத்தால், சில நாட்களிற் பதிந்து தருவார்கள். 60 நிமிட நாடாவா, 90 நிமிட நாடாவா என்று கணக்குப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு அரைவாசியில் அறுந்துபோகாமல் வரிசை வகுப்பதே பெரிய கலையாக இருந்தது. 1990களில் வடக்கிலே மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்தபோது, துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைச் சுற்றி, 'டைனமோ'விலிருந்து மின் எடுத்து வானொலி கேட்டார்கள் நம்மவர்கள். ஒருவர் சுற்ற நால்வர் கேட்டனர். அந்தக் கேள்வி தனிமையில் நிகழவில்லை.

இன்னும் பின்னோக்கினால், தமிழின் முதற்பெருஞ் செல்வமே தொகுப்புத்தான். அகநானூற்றைத் தொகுத்த மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர் என்ன செய்தார்? நானூறு பாட்டுக்களையும் கிடைத்தபடி அடுக்கினாரல்லர். ஒற்றை எண் பெற்றவை எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தாவது, இருபதாவது என வருபவை நெய்தல். கணக்கிட்டால் பாலை 200, குறிஞ்சி 80, ஏனையவை நாற்பது நாற்பது. ஒரு பாலைப் பாட்டின் வெம்மையைத் தாண்டினால் அடுத்ததில் ஒரு நிழல். பத்துப் பாட்டுக்கு ஒருமுறை கடற்காற்று. கேட்போரின் மனம் களைத்துப் போகாதவாறு வரிசை செய்வதே தொகுப்பாசிரியரின் தொழில் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மகனுக்கு இதனைச் சொன்னபோது, "அப்ப அவர் அந்தக் காலத்து டீஜே!" என்றான். நாம் மறுக்கவில்லை. பரீட்சையில் மட்டும் அவ்வாறு எழுதவேண்டாம் என்று எச்சரித்தோம்.

பொழுதுக்குரிய இசை என்பதிலும் நம் முன்னோர் கவனமுடையர். காலைக்கு மருதப்பண், மாலைக்குச் செவ்வழிப்பண் என்பது வழக்கு. புறநானூற்றின் 149ஆம் பாட்டிலே வன்பரணர், நள்ளியின் கொடையால் பசி தீர்ந்த பாணர் இந்த மரபையே மறந்து, மாலையில் மருதத்தையும் காலையிற் செவ்வழியையும் இசைக்கலாயினர் என்கின்றார். வள்ளலைப் புகழும் பாட்டாயினும், மாறி இசைத்தல் அக்காலத்தில் எவ்வளவு வியப்பாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தோம். இபிசாத் தீவின் தொகுப்புக்கள் கடலில் ஞாயிறு மறைவதற்காக ஆக்கப்பட்டவை. எமது கரையோ கிழக்கு நோக்கியது. கருமணல் விரிந்த இக்கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழும், மறைவது காட்டுப்புறத்தில். மாலையில் முதலில் இருள்வது கடலே. பூரணை நாட்களில் மாத்திரம், மேற்கே வெளிச்சம் வடியும் வேளையிற் கிழக்கே கடலிலிருந்து நிலவு புறப்படும். ஆகவே, பிறர் மாலைக்குத் தொகுத்ததை நாம் அப்படியே எடுத்து எம் விறாந்தையில் வைத்தல் பொருந்துமா? எமது மாலைக்கு எமது தொகுப்பு வேண்டும். இந்தப் பணியை மகனிடம் ஒப்படைத்தோம். ஒரே நிபந்தனை: அப்பம்மா முழுவதும் இருந்து கேட்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.

அவன் முதலில் ஆராய்ந்தது சரண்ஜித் சிங் என்னும் மும்பை வாத்தியக் கலைஞரின் இசைத்தட்டு. 1982இலேயே, சிக்காகோவார் தட்டு வெளியிடுமுன்னரே, அவர் அதே ரோலண்ட் நிறுவனத்தின் பொறிகளைக் கொண்டு பத்து வடநாட்டு இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து வெளியிட்டார். அன்று கவனிப்பாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதே உலகம் வியந்தது. அவற்றுள் நம் கல்யாணியை ஒத்த யமன் என்னும் மாலை இராகமும் உண்டு. ஆயினும், "இதிலை அடி கூட, வேகமும் கூட, அப்பம்மாவுக்குச் சரிவராது" என்று மகனே விலக்கிவிட்டான். தன் விருப்பத்தைத் தானே விலக்கியது எமக்குப் பிடித்திருந்தது.

இறுதியில் ஏழு உருப்படிகள். மொத்தம் நாற்பது நிமிடங்கள். முதலிரண்டும் தாளமே இல்லாதவை: வீணையிற் கல்யாணி ஆலாபனை, பின்னர் ஒரு புல்லாங்குழல். மூன்றாவதில் மெல்லிய சுரங்கள், தாளம் தூரத்தில். நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை மென்மையான ஹவுஸ் இசை. ஏழாவது மீண்டும் தாளமில்லாதது. தாழ்ந்த ஒலியைக் கருவியிலேயே குறைத்தான். ஒலிபெருக்கியைச் சுவர் மூலையிலிருந்து எடுத்து, நடுவில், மடித்த துணியின்மேல் வைத்தான். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும் என்பதை அவன் எங்கோ படித்திருந்தான்.

ஒரு மாலை, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்து ஓய்ந்த பின், எம் வீட்டில் விளக்கேற்றித் தேவாரமும் பாடி முடிந்த பின், தொலைக்காட்சியை அணைத்து எல்லோரும் விறாந்தையில் அமர்ந்தோம். மூன்று உருப்படிகள் இனிதே கழிந்தன. நான்காவது தொடங்குமுன் மகன் ஒலியை நிறுத்தினான். அன்னையாரின் அருகே ஒலிபெருக்கியைக் கொண்டுபோய், அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்து, "அப்பம்மா, இப்ப ஒரு சத்தம் வரும். அண்டைக்குக் கேட்டது இதுதான். பயப்பிடாதைங்கோ" என்றான். அடி எழுந்தது. அன்னையாரின் விரல்கள் ஒருமுறை விலகி, மீண்டும் அதன்மேற் படிந்தன. சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளையிருந்தோ, தம்பி, வந்தது?" என்றார்.

நாம் கோபத்தோடு தடைசெய்தபோது, அன்னையாருக்கு அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதை எவரும் சொல்லவில்லை. சத்தம் நின்றது, காரணம் தெரியவில்லை. பேரன் சொன்னான். முன்னறிவித்தான், கையால் தொட்டுப் பார்க்கவும் வைத்தான். அச்சத்தைத் தணித்தது இசையோ, இந்த முன்னறிவிப்போ என்று கேட்டால், பின்னதே என்போம்.

தொகுப்பு முடிந்ததும் எவரும் அடுத்ததை வைக்கவில்லை. ஓட்டின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. இத்தாலிய மருத்துவராகிய பெர்னார்டியும் அவர்தம் துணைவரும் 2006இல் இதயநோய் ஆய்விதழொன்றில் வெளியிட்ட ஆய்வு ஒன்று எமது நினைவுக்கு வந்தது. 24 பேருக்கு, நமது சித்தார் இராகம் உட்பட ஆறு வகை இசைகளைக் கேட்கச்செய்து, மூச்சையும் நாடியையும் அளந்தனர். விரைந்த இசைக்கு நாடி விரைந்தது. ஆயின், இசைகளின் நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்திலே, கேட்பதற்கு முன்னிருந்ததிலும் உடல் அதிகம் இளைப்பாறியது கண்டனர். இசையின் பயன் இசை நின்ற பின்னும் தொடர்கின்றது. அன்று அன்னையார் கூறியதும் அதுவே: "இப்ப மழைச் சத்தம் வடிவாக் கேக்குது."

அன்பர்கள் தத்தம் வீட்டில் இவ்வாறு ஒரு தொகுப்பு ஆக்க விரும்பினால், எமது அனுபவத்திற் சில சொல்வோம். நாற்பது நிமிடம் போதும். இரவு முழுதும் வேண்டாம். வீட்டிலே ஒலிக்கு மிகவும் அஞ்சுபவர் எவரோ அவரை முதலில் எண்ணி வரிசை வகுக்க. அடியுள்ளவற்றை நடுவில் வைத்து, தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்குக. அயலவரின் தொழுகைக்கும் நித்திரைக்கும் இடம் விடுக. காதுக்கருவி பாவிக்கும் மாணவர், 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலமே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதை நினைவிற் கொள்க. எல்லாவற்றுக்கும் மேலாக, தொகுக்கும் பொறுப்பை வீட்டின் இளையவரிடம் கொடுக்க. நமக்காக ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது அவர்கள் நம்மை எவ்வளவு கவனித்திருக்கின்றார்கள் என்பது அப்பொழுது தெரியவரும்.

இப்பொழுது எம் வீட்டில் வாரத்துக்கு ஒரு மாலை இவ்வாறு கழிகின்றது. அன்னையாரும் தம் விருப்பங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். சென்ற வாரத் தொகுப்பில் நாதஸ்வரம் புகுந்தது. துணிப்பை இன்னும் கதவருகே ஆணியிலே தொங்குகின்றது. அதனை எடுத்துவிடும்படி நாம் சொல்லவில்லை. இசை ஒலிக்கும் மாலைகளில் அது மடியில் இல்லை. இப்போதைக்கு அவ்வளவே போதும்.